டி2டி தொடர்புக்கு செல் அலைவரிசையைப் பகிர்ந்து கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் கடை, இரண்டாம் மாடியில் அந்தக் கடையின் கிடங்கு. இரண்டு போன்களுக்கும் நடுவே 20 மீட்டர்கூட இருக்காது. ஆனாலும் கடையிலிருந்து அனுப்பும் படம் டவருக்கு ஏறி, ஆபரேட்டரின் கோர் நெட்வொர்க்கைச் சுற்றிவிட்டு, மறுபடி டவர் வழியாகத்தான் கிடங்குக்கு இறங்குகிறது. ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை என அலைவரிசை இரட்டிப்பாகச் செலவாகிறது. டவரின் மேற்பார்வையில் இரு போன்களையும் நேராகவே பேசவைப்பதுதான் டி2டி (டிவைஸ்-டு-டிவைஸ்). மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2015-இல் முடிவாக்கிய ரிலீஸ் 12-இலேயே இது சைட்லிங்க் என்ற பெயரில் எல்டிஇ-க்குள் (4ஜி) வந்துவிட்டது. ரிலீஸ் 14-இல் எல்டிஇ வாகனத் தொடர்புக்கும், ரிலீஸ் 16-இல் 5ஜி-க்கும் விரிந்தது.

கடினமான பகுதி, வேறொரு பயனர் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் ரிசோர்ஸ் பிளாக்கை (அலைவரிசையின் ஒரு சிறு துண்டு) டி2டி ஜோடிக்கும் கொடுப்பது. இறுதியாண்டு, முதுநிலை புராஜெக்ட்டுகள் பலவற்றில் நேராக அல்காரிதத்தில் இறங்கிவிடுகிறார்கள்; முடிவு எண்கள் ஏன் விசித்திரமாக வருகின்றன என்று பிறகு தெரிவதில்லை. வரிசை முக்கியம். டவர் எவ்வளவு குறுக்கீட்டைத் தாங்கும் என்பது முதலில், அந்த வரம்புக்குள் பவர் அடுத்து, யாரோடு யாரைச் சேர்ப்பது என்பது கடைசியில். இங்கே அந்த வரிசையில் ஒரு சிமுலேஷனைக் கட்டுகிறோம். பைத்தானும் அதன் நம்பை, சைபை நூலகங்களும் போதும்.

படி 1: அப்லிங்க்கைத் தேர்ந்தெடுங்கள்

டவுன்லிங்க்கை, அதாவது டவரிலிருந்து போனுக்கு இறங்கும் அலைவரிசையை, பகிர்ந்தால், டி2டி போனின் சிக்னல் பக்கத்தில் நிற்கும் சாதாரணப் பயனரின் போனைக் கெடுக்கும். அவர் எங்கே நிற்கிறார், அந்தப் பாதையின் இழப்பு எவ்வளவு என்பது டவருக்குத் தெரியாது. போனிலிருந்து டவருக்கு ஏறும் அப்லிங்க்கில் பாதிக்கப்படுவது டவர் மட்டுமே. ஒவ்வொரு போனிலிருந்தும் தனக்கு வரும் பாதையை டவரே அளக்க முடியும். ஆகவே எவ்வளவு கெடுதல் வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடவும் முடியும். ரிலீஸ் 12 சைட்லிங்க்கும் எஃப்.டி.டி. (ஏறவும் இறங்கவும் தனித்தனி அலைவரிசை) நெட்வொர்க்கில் அப்லிங்க் கேரியரில்தான் ஓடுகிறது.

படி 2: எண்களைத் தாளில் எழுதுங்கள்

ஒரு டவர், 500 மீட்டர் ஆரம், 10 மெகாஹெர்ட்ஸ் அப்லிங்க். அதாவது 50 ரிசோர்ஸ் பிளாக்குகள், ஒவ்வொன்றும் 180 கிலோஹெர்ட்ஸ். 50 செல் பயனர்கள் (டவர் வழியாகப் பேசும் சாதாரணப் பயனர்கள்), ஆளுக்கு ஒரு பிளாக். 20 டி2டி ஜோடிகள். தி. நகர் மாதிரியான நெரிசலுக்கு மாடல் செய்தால் ஆரத்தை 200 மீட்டருக்குக் குறைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். முடிவு கணிசமாக மாறும்.

போனின் அதிகபட்ச பவர் 23 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு). வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டி.பி.எம்.; 180 கிலோஹெர்ட்ஸுக்கு −121.45. டவரின் நாய்ஸ் ஃபிகர் (கருவியே கூட்டும் இரைச்சல்) 5 டெசிபெல், போனுக்கு 9 என வைத்தால், டவரில் இரைச்சல் −116.45, போனில் −112.45 டி.பி.எம். இங்கேயே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது: பவரை ஒரு பிளாக்குக்கு எடுத்துக்கொண்டு, இரைச்சலை முழு 50 பிளாக்குக்கும் போட்டுவிடுவார்கள். 17 டெசிபெல் தவறு அது; எந்த ஜோடியும் தேறாது.

2 கிகாஹெர்ட்ஸில் பாதை இழப்பு:

போனுக்கும் டவருக்கும் = 128.1 + 37.6 × லாக் தூரம்
போனுக்கும் போனுக்கும் = 148 + 40 × லாக் தூரம்

இரண்டிலும் லாக் 10 அடிமானம், தூரம் கிலோமீட்டரில். மீட்டரில் போட்டால் முதல் சமன்பாட்டில் 112.8 டெசிபெல் கூடிவிடும்.

இரண்டாவது சமன்பாட்டை மிகக் குறைந்த தூரத்தில் நம்பாதீர்கள். 1 மீட்டரில் அது 28 டெசிபெல் தரும். ஆனால் எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியிலேயே 2 கிகாஹெர்ட்ஸுக்கு 1 மீட்டரில் 38.5 டெசிபெல் இழப்பு உண்டு. இரண்டு கோடுகளும் சுமார் 3.3 மீட்டரில் சந்திக்கின்றன. அதற்குக் கீழே வெட்டவெளி மதிப்பையே எடுங்கள். நிரலில் இரண்டில் எது அதிகமோ அதை எடு என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

படி 3: ஒரு பயனர், ஒரு ஜோடி, கைக்கணக்கு

நிரல் எழுதுமுன் ஒரு ஜோடியைக் கையால் போட்டுப் பாருங்கள். பின்னால் நிரல் தரும் விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. எளிமைக்காக ஆன்டெனா ஆதாயத்தை விட்டுவிடுவோம்.

செல் பயனர் டவரிலிருந்து 300 மீட்டரில். பாதை இழப்பு 108.44 டெசிபெல். எல்டிஇ-யின் ஓப்பன் லூப் பவர் கட்டுப்பாட்டில் (பவர் = அடிப்படை மதிப்பு + ஆல்ஃபா × பாதை இழப்பு) அடிப்படை மதிப்பு −78 டி.பி.எம்., ஆல்ஃபா 0.8 என வைத்தால் அவர் அனுப்புவது 8.75 டி.பி.எம். டவருக்கு வந்து சேர்வது −99.69. குறுக்கீடே இல்லாவிட்டால் அவருக்கு 16.76 டெசிபெல் கிடைக்கும்.

அவருக்கு நாம் உறுதியளிப்பது 10 டெசிபெல் எஸ்.ஐ.என்.ஆர்., அதாவது குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்த அளவைவிட சிக்னல் எவ்வளவு அதிகம் என்பது. அப்படியானால் டவரில் குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்து −109.69 டி.பி.எம்-ஐத் தாண்டக் கூடாது. இதிலிருந்து இரைச்சலைக் கழிக்க வேண்டும். டெசிபெல்லில் கழிக்க முடியாது. மில்லிவாட்டுக்கு மாற்றிக் கழித்துவிட்டு, மறுபடி டெசிபெல்லுக்கு வர வேண்டும். குறுக்கீட்டுக்கு மிஞ்சுவது −110.72 டி.பி.எம். இதுதான் டவரின் தாங்கு வரம்பு.

டி2டி அனுப்பும் போன் டவரிலிருந்து 400 மீட்டரில், இழப்பு 113.14 டெசிபெல். ஆக அது அனுப்பலாமென்ற உச்சம் −110.72 + 113.14 = 2.42 டி.பி.எம்.

இப்போது கீழ் எல்லை. ஜோடிக்குள் தூரம் 20 மீட்டர், இழப்பு 80.04. செல் பயனருக்கும் டி2டி பெறும் போனுக்கும் 250 மீட்டர், இழப்பு 123.92, அவருடைய சிக்னல் அங்கே −115.17 டி.பி.எம்-ஆகக் குறுக்கிடும். போனின் இரைச்சலோடு சேர்த்தால் −110.59. ஜோடிக்கு 15 டெசிபெல் வேண்டுமென்றால் குறைந்தபட்ச பவர் 15 − 110.59 + 80.04 = −15.55 டி.பி.எம்.

அனுமதிக்கப்பட்ட இடைவெளி −15.55 முதல் 2.42 வரை, ஏறக்குறைய 18 டெசிபெல். தாராளமான ஜோடி.

அதே 20 மீட்டர் ஜோடிக்கு வேறொரு செல் பயனரைக் கொடுப்போம். டவரிலிருந்து அதே 300 மீட்டர். ஆனால் பெறும் போனுக்கு 60 மீட்டரில் நிற்கிறார். ஜோடிக்குத் தேவைப்படும் பவர் இப்போது 4.7 டி.பி.எம். அனுமதி 2.42 மட்டுமே. ஜோடி நகரவில்லை, தூரம் மாறவில்லை; துணை மாறியதால் பகிர்வு விழுந்துவிட்டது. 20 மீட்டருக்குள் இருந்தால் டி2டி, இல்லாவிட்டால் டவர் என்ற மாதிரியான தூர விதிகள் இதனால்தான் போதாது.

டவருக்கு அருகிலுள்ள ஜோடியையும் பாருங்கள். அனுப்பும் போன் டவரிலிருந்து 100 மீட்டரில் இருந்தால் அனுமதி −20.2 டி.பி.எம்-க்குச் சரிந்துவிடும், முதல் பயனரோடுகூட அந்த ஜோடி தேறாது. அப்லிங்க் பகிர்வுக்கு ஏற்ற ஜோடிகள் பெரும்பாலும் செல்லின் ஓரத்தில்தான் இருக்கும்.

படி 4: எந்தப் பவராலும் முடியாதவற்றை முதலில் கழியுங்கள்

மேலே செல் பயனரின் பவரை நிலையாக வைத்தோம். இருவரின் பவரையும் ஏற்றி இறக்கலாம் என்றால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஒருவர் கத்தினால் அடுத்தவரும் கத்த வேண்டியிருக்கும். அதற்கு ஓர் எல்லை உண்டு, அதை ஒரே கூட்டல் கழித்தலில் சோதிக்கலாம்:

இரண்டு இலக்குகளின் கூட்டுத்தொகை + செல் பயனரிலிருந்து டவருக்கான இழப்பு + ஜோடிக்குள் இழப்பு − டி2டி போனிலிருந்து டவருக்கான இழப்பு − செல் பயனரிலிருந்து பெறும் போனுக்கான இழப்பு

விடை சுழிக்குக் கீழே இருந்தால்தான் வழி உண்டு. முதல் ஜோடிக்கு 10 + 15 + 108.44 + 80.04 − 113.14 − 123.92 = −23.58. நன்று. அதே அமைப்பில் ஜோடிக்குள் தூரம் 80 மீட்டர் என்றால் விடை +0.5. போனுக்கு 23 இல்லை, 43 டி.பி.எம். கொடுத்தாலும் இரு இலக்குகளும் ஒன்றாக நிறைவேறா.

75 மீட்டருக்கு −0.6 வரும். கணிதப்படி சாத்தியம். ஆனால் செல் பயனர் 8.75-இலிருந்து 20.2 டி.பி.எம்-க்கு ஏற வேண்டும், அதாவது சுமார் 14 மடங்கு பவர். அவருடைய பேட்டரி கரையும், பக்கத்து டவரின் குறுக்கீடும் கூடும். ஆகவே சுழிக்குக் கீழே என்பதோடு நிற்காமல், −6 அல்லது −8 டெசிபெல்லுக்குக் கீழே இருக்கும் இணைகளை மட்டும் உள்ளே விடுங்கள். கட்டடங்களால் வரும் ஷேடோயிங்கின் திட்ட விலக்கம் 8 டெசிபெல் என்றே பெரும்பாலும் வைக்கிறார்கள். அந்த ஊசலாட்டத்துக்குக் கொஞ்சமாவது இடம் வேண்டும்.

இந்தச் சோதனையில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கழிக்கப்படும் இரு இழப்புகளும் குறுக்குப் பாதைகள். அவை பெரிதாக ஆக நமக்கு லாபம். ரிச்சி தெரு ஜோடிக்கே திரும்புவோம். இருவரும் கான்கிரீட் கட்டடத்துக்குள், செல் பயனர் வெளியே தெருவில், டவரும் வெளியே. சுவர் இழப்பு 20 டெசிபெல் என்று கொண்டால் இரு குறுக்குப் பாதைகளிலும் 20, 20 கூடும். ஜோடிக்குள் இருக்கும் பாதையில் வெளிச்சுவர் இல்லை. 60 மீட்டரில் நின்று +1.2 காட்டி விழுந்த பயனரோடு இதே கணக்கைப் போட்டால் −38.8 வரும். வழக்கமாகச் சிக்னலைக் கெடுக்கும் சுவர், பகிர்வில் அலைவரிசையைப் பெருக்கித் தருகிறது. சென்னையின் நெருக்கமான கட்டடங்களுக்குள் டி2டி-க்கு உண்மையான வாய்ப்பு இங்கேதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெட்டவெளி மாடலை மட்டும் ஓட்டினால் இந்த லாபம் கண்ணிலேயே படாது. கட்டடத்துக்குள்ளேயே தனி ஆன்டெனா போட்டிருந்தால் மட்டும் இது பொருந்தாது. அங்கே டவரும் உள்ளே இருப்பதாகத்தான் பொருள்.

எந்தப் பயனரோடும் தேறாத ஜோடிக்கு இரண்டு வழிகள்: தனி பிளாக் ஒதுக்குவது, அல்லது பழையபடி டவர் வழியாகவே அனுப்புவது.

படி 5: உச்சப் பவரைக் கொடுக்காதீர்கள்

பெரும்பாலான நிரல்கள் கோட்டைவிடுவது இந்தப் படியில். 180 கிலோஹெர்ட்ஸ் × லாக்₂(1 + எஸ்.ஐ.என்.ஆர்.) என்ற ஷானன் சமன்பாட்டை அப்படியே போட்டால், டி2டி-யின் பவர் ஏற ஏற வேகமும் ஏறிக்கொண்டே போகும். உடனே நிரல் உச்சமான 2.42 டி.பி.எம்-ஐத் தேர்ந்தெடுக்கும். அங்கே ஜோடிக்கு 33 டெசிபெல் கிடைக்கிறது. சமன்பாட்டின்படி ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 10.95 பிட். எல்டிஇ-யின் 64 க்யூ.ஏ.எம். (பிட்களைச் சிக்னலில் ஏற்றும் முறை) தருவதோ 5.55 பிட். ரிலீஸ் 12 சைட்லிங்க்கில் 16 க்யூ.ஏ.எம். வரைதான் உண்டு, உச்சம் இன்னும் கீழே. மிச்சமெல்லாம் கற்பனை வேகம். ஆனால் அதற்காக டவரில் ஏறும் குறுக்கீடு உண்மையானது.

5.55-இல் உச்சவரம்பு போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஜோடிக்கு 16.6 டெசிபெல் போதும்; −14 டி.பி.எம். பவரே போதும். அப்போது செல் பயனரின் எஸ்.ஐ.என்.ஆர். 16.76-இலிருந்து 16.40-க்குத்தான் இறங்குகிறது. ஒரு பிளாக்கின் மொத்த வேகத்தை ஒப்பிட்டால்:

2.42 டி.பி.எம்-இல்: செல் பயனர் 0.62, ஜோடி 1.00, மொத்தம் 1.62 மெகாபிட்
−14 டி.பி.எம்-இல்: செல் பயனர் 0.99, ஜோடி 0.99, மொத்தம் 1.98 மெகாபிட்

பவரை 16 டெசிபெல் குறைத்ததில் ஜோடி இழந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதே பிளாக்கில் கிட்டத்தட்ட இரு மடங்கு தரவு போகிறது. நடைமுறைக் கோடிங்குக்கு ஷானனைவிட 2, 3 டெசிபெல் அதிகம் வேண்டும். அதையும் ஷேடோயிங் மார்ஜினையும் −14-இன் மேல் கூட்டிக்கொள்ளுங்கள். 18 டெசிபெல் இடைவெளியில் இடம் தாராளமாக இருக்கிறது.

படி 6: யாரோடு யார்

இப்போது ஜோடிக்கு ஒன்றாக 20 வரிசை, செல் பயனருக்கு ஒன்றாக 50 நெடுவரிசை கொண்ட அட்டவணை. ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டியது: பகிர்ந்தபின் இருவரின் மொத்த வேகம் − பகிராதபோது செல் பயனரின் வேகம். மொத்த வேகத்தை மட்டும் எழுதாதீர்கள். எழுதினால், ஏற்கெனவே நல்ல வேகம் உள்ள பயனர்கள் பக்கமே தேர்வு சாயும். படி 4-இல் விழுந்த கட்டங்களுக்கும், விடை எதிர்மறையாக வரும் கட்டங்களுக்கும் 0 போடுங்கள்.

இது, மொத்த லாபம் உச்சமாகும்படி ஒருவருக்கு ஒருவரை இணைக்கும் ஹங்கேரியன் முறைக்கு உகந்த கணக்கு. சைபையின் ஆப்டிமைஸ் பகுதியில் லீனியர் சம் அசைன்மென்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது இயல்பாகக் குறைந்தபட்சத்தைத் தேடும். மேக்ஸிமைஸ் என்ற அமைப்பை ட்ரூ ஆக்க மறந்தால் ஆக மோசமான இணைகளைப் பொறுக்கித் தரும். விடையில் 0 மதிப்புள்ள இணைகள் வந்தால் அவை பகிர்வு கிடைக்காத ஜோடிகள், அவற்றை நீக்கிவிடுங்கள். விழுந்த கட்டங்களில் 0-க்குப் பதில் எதிர்மறை முடிவிலியைப் போட்டால், எல்லாப் பயனரோடும் விழுந்த ஒரே ஒரு ஜோடி இருந்தாலும் ஃபங்ஷன் பிழை காட்டி நின்றுவிடும்.

ஒரு பிளாக்குக்கு ஒரு ஜோடி என்றால்தான் இந்த முறை. ஒரே பிளாக்கில் பல ஜோடிகளை விட்டால் உகந்த விடையைத் தேடும் வேலை கட்டுக்கடங்காமல் பெருகும். லாபம் அதிகமுள்ள ஜோடியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் டவரின் தாங்கு வரம்பைச் சரிபார்ப்பதே நடைமுறை வழி.

படி 7: அந்த நான்காவது பாதை

நான்கு பாதைகளில் மூன்றை அறிவது எளிது. செல் பயனரிலிருந்து டி2டி பெறும் போனுக்கு வரும் பாதைதான் சிக்கல். பெறும் போன்தான் அதை அளந்து டவருக்குச் சொல்ல வேண்டும். 50 பயனர், 20 ஜோடி என்றால் 1,000 மதிப்புகள். அத்தனையையும் அடிக்கடி அனுப்பினால் மிச்சப்படுத்திய அலைவரிசை அந்தத் தகவலுக்கே போய்விடும். தனக்கு மிக அதிகமாகக் கேட்கும் ஐந்தாறு பயனர்களை மட்டும் போன் சொல்லட்டும், அவர்களோடு இணைக்காமல் இருந்தாலே பெரும்பாலான கெடுதல் நீங்கும்.

எவ்வளவு அடிக்கடி? நடந்துபோகிறவருக்கு, மணிக்கு 3 கி.மீ. வேகத்தில், 2 கிகாஹெர்ட்ஸில் சேனல் 75 மில்லிநொடி அளவுக்கு மாறாமல் இருக்கும். ஓ.எம்.ஆர். சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியில் அது 4 மில்லிநொடிக்கும் கீழ். அந்த வேகத்தில் நொடிநேர ஃபேடிங்கை (சிக்னலின் வேகமான ஏற்ற இறக்கத்தை) துரத்தவே வேண்டாம். பாதை இழப்பையும் ஷேடோயிங்கையும் மட்டும் வைத்து இணைத்து, மிச்சத்தை மார்ஜினில் தள்ளுங்கள்.

ஒற்றை செல்லில் தெரியாதவை

ஓரத்து ஜோடிகள் நல்லவை என்றோம். ஆனால் அந்த ஓரம் பக்கத்து டவருக்கும் ஓரம். டவர்கள் நெருங்கி நிற்கும் ஊரில் இதை விட்டுவிட்டுச் சொல்லும் லாபக்கணக்குக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு பக்கத்து டவருக்கும் படி 3-இன் தாங்கு வரம்பைத் தனித்தனியே கணக்கிட்டு, வரும் உச்சப் பவர்களில் ஆகக் குறைந்ததை எடுங்கள்.

நேர ஒத்திசைவும் உண்டு. போன்களே பிளாக்கைத் தேர்ந்தெடுக்கும் மோட் 2-இல், டைமிங் அட்வான்ஸ் (தொலைவுக்கேற்ப முன்கூட்டியே அனுப்பும் திருத்தம்) இல்லாமல் டவுன்லிங்க் நேரத்தை வைத்தே அனுப்புகின்றன. டவரை அடையும்போது போய்வரும் நேரம் அளவுக்குத் தாமதம். தாமதத்தைப் பொறுக்க விடும் இடைவெளியான எல்டிஇ-யின் சைக்ளிக் ப்ரீஃபிக்ஸ் 4.7 மைக்ரோநொடி, அதாவது சுமார் 700 மீட்டர் ஆரம் வரை பொறுக்கும். நமது 500 மீட்டருக்குப் பிரச்சினை இல்லை. புறநகரில் பெரிய செல்லுக்கு மாடல் செய்தால் பக்கத்து பிளாக்குகளுக்கும் சிக்னல் கசியும்.

டவரே இல்லாதபோது மேலே சொன்ன ஏழு படிகளும் செல்லாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 வர்தா புயலிலும் சென்னையில் மொபைல் சேவை முடங்கிய இடங்கள் பல. அந்த நிலைக்கு, போனில் முன்பே பதித்த பிளாக் தொகுப்பிலிருந்து ஒவ்வொன்றும் தானே எடுத்துக்கொள்ளும். 50 இடங்களில் 10 போன்கள் கண்மூடித் தேர்ந்தெடுத்தால் ஒரு போனின் தேர்வு இன்னொன்றோடு மோத வாய்ப்பு 17 சதவீதம். 30 போன்கள் என்றால் 44. ரிலீஸ் 12 ஒவ்வொரு பாக்கெட்டையும் பதில் எதிர்பாராமல் நான்கு முறை அனுப்புவது இந்த மோதல்களையும் மனத்தில் வைத்துத்தான். மீட்புப் பணிக்காக மாடல் செய்கிறவர்கள் வேகத்தை விட்டுவிட்டு இந்த மோதல் எண்ணைக் குறைப்பதில் உழைக்க வேண்டும்.

சரிபார்ப்பும் வன்பொருளும்

முடிவு வரைபடம் வரைவதற்கு முன் மூன்று சோதனைகள். டி2டி முழுவதையும் அணைத்தால் 300 மீட்டர் பயனருக்கு 16.76 டெசிபெல் வர வேண்டும். ஒரே ஜோடியை விட்டால் 2.42, −15.55 என்ற எண்கள் வர வேண்டும். ஜோடிக்குள் தூரத்தை 10-இலிருந்து 100 மீட்டருக்கு ஏற்றினால் அனுமதி பெறும் ஜோடிகள் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையவில்லை என்றால் எங்கோ மீட்டரும் கிலோமீட்டரும் கலந்திருக்கும். பயனர்களைக் குறைந்தது ஆயிரம் முறையாவது புதிதாகத் தூவிச் சராசரி எடுங்கள்.

எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) போர்டில் செய்து பார்க்க விரும்பினால், ஆபரேட்டர்களின் அலைவரிசையில் ஆன்டெனா வைத்து அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை. அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் சோதனை உரிமம் வேண்டும். காற்றில் எதையும் அனுப்பாமல் செய்யத்தக்க வழி, ஆன்டெனாக்களைக் கழற்றிவிட்டு போர்டுகளை கோஆக்சியல் கேபிளாலும் ஸ்ப்ளிட்டராலும் இணைத்து, ஒவ்வொரு பாதைக்கும் தனி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) மாட்டுவது. நான்கு பாதைகளுக்கும் படி 3-இன் முழு இழப்பை வைக்கத் தேவையில்லை. எல்லாவற்றிலும் 50 டெசிபெல்லைக் குறைத்து 58, 30, 63, 74 என வைத்தால் பாதைகளுக்கு இடையிலான வித்தியாசம் அப்படியே இருக்கும். அனுப்பும் பவரையும் அதற்கேற்ப இறக்கிக்கொள்ளுங்கள். 30 டெசிபெல் பாதையில் 23 டி.பி.எம். விட்டால் பெறும் போர்டின் முன்பகுதி எரிந்துபோகக்கூடும்.